ஒன்பது பாகத்தில் வலிக்கும் பல்

என் கடைவாய்ப் பல்லை உடைத்தது ஒரு நண்டுக் கால். இதை யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம்தான் பாவம் என்கிறார்கள். இருபத்தாறு வருஷமாகக் கடலுக்கு அடியில் போய் சங்கு பொறுக்கி வருகிறவன், திருக்கை வாலுக்குத் தப்பியவன், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் மனைவி பிரேமா வைத்த நண்டுக் குழம்பில் தோற்றுப்போனேன். மேல்வரிசையில் வலது பக்கப் பல். பாதி குழம்போடு உள்ளே போய்விட்டது. மீதிப் பாதியை நாக்கு ஓயாமல் துழாவிக்கொண்டிருந்தது.

பல் டாக்டர் ஜெஸ்மி, நாசரேத் ஊர்ப் பெண். சின்ன வயசு, பொறுமைசாலி. "வேரச் சுத்தம் பண்ணி, மேல கேப் போட்டுரலாம் அண்ணாச்சி. இனி எத வேணாலும் கடிக்கலாம்" என்றாள். நாலு தடவை போனேன். முதல் தடவை ஒரு தாளில் பெயர், வயசு எல்லாம் எழுதிக்கொண்டு என்ன வேலை என்று கேட்டாள்.

"கடல்ல" என்றேன்.

"மீன் பிடிக்கவா?"

தலையாட்டினேன். சங்கு குளிக்கிறவன் என்று சொன்னால் எல்லோரும் அதே பத்துக் கேள்வியைக் கேட்பார்கள். முத்து எடுத்திருக்கிறீர்களா, எவ்வளவு நேரம் மூச்சு பிடிப்பீர்கள், சுறா வருமா. வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு அதற்கெல்லாம் பதில் சொல்ல முடியாது. மீன் என்றால் ஒரு கேள்வியோடு முடிந்துவிடும்.

கேப் போட்ட முதல் இரண்டு நாள் அது கொஞ்சம் உயரமாகத் தட்டியது. நீலத் தாளைக் கடிக்கச் சொல்லி, தட்டுகிற இடத்தைத் தேய்த்துவிட்டாள். அதன்பின் கரையில் அந்தப் பல்லால் எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. பொரிகடலை கடித்தேன், எலும்பு கடித்தேன், மறுபடியும் நண்டே கடித்தேன். பிரேமாகூட, "நல்ல பல்லயெல்லாம் விட இது நல்லா இருக்கே" என்றாள். மறுநாள் திங்கட்கிழமை கடலுக்குப் போனேன்.

எங்கள் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திரேஸ்புரத்திலிருந்து காலை ஆறு மணிக்கு வள்ளம் கிளம்பும். வள்ளத்தில் ஒரு கம்ப்ரஸர் இருக்கும். அதிலிருந்து நீளமான ஓஸ் கடலுக்குள் இறங்கும், அதன் நுனியில் ரப்பர். அந்த ரப்பரைப் பல்லால் கடித்துக்கொண்டு அதன் வழியாக வருகிற காற்றைத்தான் கீழே இருக்கிற ஆள் மூச்சாக இழுக்கிறான். ஓஸோடு சேர்த்து ஒரு கயிறும் கட்டியிருக்கும், மேலே ஒருவன் அதைக் கையில் பிடித்திருப்பான். ஒரு இழுப்பு என்றால் சங்குப் பை நிறைந்துவிட்டது. மூன்று இழுப்பு என்றால் என்னைத் தூக்கு.

அந்தக் கயிற்றை யார் பிடிப்பது என்பதில் எங்கள் ஆட்கள் முத்துக் குளித்த காலத்திலிருந்தே ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிக்க வேண்டும். இதில் பெரிய தத்துவம் ஒன்றும் கிடையாது. தன் அக்காள் தாலி அறுப்பதை எந்தத் தம்பியும் விரும்ப மாட்டான், அவ்வளவுதான். எனக்குப் பதினாலு வருஷமாகப் பிரேமாவின் தம்பி வளன் பிடிக்கிறான். இறங்குவதற்கு முன்னால் தினமும் அவன் என்னிடம் உடம்பைப் பற்றிக் கேட்பான். சளி என்றோ காது அடைப்பு என்றோ சொன்னால் அன்றைக்கு இறக்க மாட்டான். வள்ளத்துக்குச் சொந்தக்காரரே சொன்னாலும் இறக்க மாட்டான். அதனால் இறங்குகிறவன் வேறு யாரிடம் பொய் சொன்னாலும் கயிறு பிடிக்கிறவனிடம் சொல்லக் கூடாது. சங்கு வாங்க வருகிற ஆளிடம் உண்மையைச் சொன்னால்தான் எங்கள் ஊரில் ஒருமாதிரி பார்ப்பார்கள்.

அந்தத் திங்கட்கிழமை நாலு பாகம் இறங்கும்வரை ஒன்றும் இல்லை. ஒரு பாகம் என்பது இரண்டு கையையும் விரித்தால் வருகிற நீளம். ஐந்தாவது பாகத்தில் பல் லேசாகக் கூசியது. ஏழாவதில் யாரோ உள்ளேயிருந்து ஆணி அடிப்பது போல ஆரம்பித்தது. ஒன்பதாவது பாகத்தில் தரை. தரையில் கால் பட்டபோது வலது கண்ணிலிருந்து காது வரைக்கும் வலி இழுத்தது, கண்ணாடிக்குள்ளேயே கண்ணீர் வந்துவிட்டது. சங்கு போன தடம் மணலில் தெளிவாகத் தெரிந்தும் என்னால் குனிய முடியவில்லை. மூன்று இழுப்பு இழுத்தேன்.

மேலே ஏற ஏற வலி குறைந்தது. வள்ளத்தில் கை வைத்தபோது சுத்தமாக இல்லை. நாக்கால் தட்டிப் பார்த்தேன், விரலால் ஆட்டிப் பார்த்தேன். பல் நல்ல பிள்ளையாக இருந்தது.

"ஏன் அத்தான் அதுக்குள்ள வந்துட்டீரு?" என்றான் வளன்.

"இந்த எடத்துல சங்கு இல்லலே."

அவன் நம்பிவிட்டான். நம்பாமல் என்ன செய்வான்?

அவனிடம் உண்மையைச் சொல்ல முடியாததற்குக் காரணம் பிரேமா. போன வருஷம் எங்கள் தெருவிலேயே ஒருவன் அவசரமாக மேலே வந்து, நுரையீரல் வெடித்து, வாயிலும் மூக்கிலும் ரத்தம் வர வள்ளத்திலேயே செத்துப்போனான். அடக்கம் முடிந்து வந்த அன்றைக்கே பிரேமா என்னிடம் சொல்லிவிட்டாள். "இனி தண்ணிக்குள்ள ஒங்களுக்கு ஏதாவது ஒண்ணுன்னு நான் கேள்விப்பட்டேன்னா, அன்னைக்கோட ஒங்க கடல் முடிஞ்சுது. மாதா மேல சத்தியம் பண்ணுங்க." பண்ணினேன். வளனிடம் சொன்னால் அவன் அக்காவிடம் சொல்வான். சொன்னால் என் கடல் போச்சு.

கடல் போனால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். ஏற்கெனவே ஒரு தடவை காதில் சீழ் வைத்து நாலு மாதம் ஒரு குடோன் வாசலில் காவல் வேலை பார்த்தேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு நோட்டு, வருகிற லாரியின் நம்பரை எழுத வேண்டும். நாற்காலியின் ஒரு கால் நொடித்திருந்தது, அதைக்கூட நான் சரிபண்ணவில்லை. அந்த நாலு மாதத்தில் எனக்கு ஒரு கெடுதலும் நடக்கவில்லை, ஆனால் செத்துவிடலாம் போல இருந்தது. திரும்ப அந்த நாற்காலியில் உட்கார்வதைவிடப் பல் வலி எவ்வளவோ மேல் என்று நினைத்தேன்.

டாக்டரிடம் போகாமலும் இல்லை. மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் பிரேமா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.

"சூடா குடிச்சா வலிக்கா அண்ணாச்சி?"

"இல்ல."

"ஐஸ் தண்ணி?"

"இல்ல."

"கடிச்சா?"

"இல்ல."

"பின்ன எப்பத்தான் வலிக்கு?"

பிரேமாவைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சும்மா இருக்கும்போது" என்றேன். ஜெஸ்மி எக்ஸ்ரே எடுத்தாள், தட்டிப் பார்த்தாள், படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "எல்லாம் சுத்தமா இருக்கு. கொஞ்ச நாள் மாத்திரை போடுங்க, பாப்போம்" என்றாள். சும்மா இருக்கும்போது வலிக்கிற பல்லுக்கு எந்த டாக்டர் என்ன மருந்து கொடுக்க முடியும்? அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது.

மாத்திரை காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கொஞ்ச நாளில் நானாகவே காலையில் இரண்டு ஆக்கினேன். கடலுக்கு அடியில் அது ஒன்றுக்கும் உதவவில்லை. ஆனால் கரையில் என்னை நன்றாக மழுக்கிவிட்டது. குழம்பில் உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. பிரேமா ஏதாவது சொல்வாள், நான் தலையாட்டுவேன். என்ன சொன்னேன் சொல்லுங்க பார்ப்போம் என்பாள், எனக்குத் தெரியாது. ஈஸ்டருக்கு முன்னால் நோன்பு இருக்கிற தவசு காலம் அது. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதையில் எல்லோரோடும் முழங்கால் போட்டேன், எழுந்தேன், மறுபடி போட்டேன், எத்தனையாவது ஸ்தலத்தில் நிற்கிறோம் என்று ஒருநாளும் எனக்கு நினைவிருந்ததில்லை. என் சின்ன வயசுக் கூட்டாளி ஒருவன் மாரடைப்பில் போனான். கேத வீட்டில் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றேன். எனக்குள் ஒன்றும் அசையவில்லை. அதுவும் ஒரு வகையில் வசதியாகத்தான் இருந்தது, அதனால் அதைப்பற்றி நான் கவலைப்படவில்லை.

தினமும் கீழே போவேன். வலியோடு ஐந்து சங்கு, ஆறு சங்கு பொறுக்குவேன், ஏறிவிடுவேன். மற்ற ஆட்கள் பை பையாக அனுப்பிக்கொண்டிருப்பார்கள். "ரோச் அண்ணனுக்கு வயசாயிட்டுடோய்" என்று வள்ளத்தில் என்னைக் கிண்டல் பண்ணினார்கள். வளன் மட்டும் சிரிக்கவில்லை. ஒருநாள் என் பக்கத்தில் வந்து குந்தினான்.

"அத்தான், எங்கிட்ட சொல்லும். ஒடம்புக்கு ஏதும் பண்ணுதா?"

"ஒண்ணுமில்லலே. தவசுகாலம்லா, ஒரு நேரச் சாப்பாடு. அதான் தளர்ச்சியா இருக்கு."

ஆண்டவருடைய தவசுகாலத்தைக்கூட நான் விட்டுவைக்கவில்லை.

மருந்துக் கடையில் வாய்ப்புண்ணுக்கு ஒரு ஜெல் விற்கிறார்கள். தடவினால் அந்த இடம் மரத்துப்போகும். அதை வாங்கி வந்து பல்லைச் சுற்றித் தடவிக்கொண்டு இறங்கினேன். முதல் நாளே வலி பாதியாகிவிட்டது. எனக்குக் கிடைத்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. இரண்டாம் நாள் கொஞ்சம் கூட. ஒரு வாரத்தில் ஒரு டியூப் இரண்டு நாளைக்கு என்று ஆகிவிட்டது. தடவினால் பேச்சு குழறும் என்பதால் வளன் கேட்பதற்குப் பதில் சொல்லி முடித்த பிறகுதான் தடவுவேன். முன்பக்கம் திரும்பி நின்று, சிலுவை போட்டுக்கொண்டு, அப்படியே விரலை வாய்க்குள் விடுவேன். நான் செபம் பண்ணுகிறேன் என்று நினைத்து அவன் மரியாதையாக வேறு பக்கம் பார்ப்பான்.

எங்களில் ஒருவனைத் தவிர உலகத்தில் வேறு யாரும் இந்தப் பைத்தியக்காரத்தனத்தைச் செய்ய முடியாது. மற்றவர்களுக்கு வாய் மரத்தால் டீ சட்டையில் ஒழுகும். எனக்கு வாயில்தான் மூச்சு இருக்கிறது. இது ஒருநாளும் எனக்குத் தோன்றவே இல்லை.

அந்த வியாழக்கிழமை நான் ஒரு முழு டியூபையும் பிதுக்கிவிட்டேன். ஈறு, உதடு, நாக்கு, தொண்டை வரைக்கும் போனது. கண்ணாடியை மாட்டி, ரப்பரைக் கடித்துக்கொண்டு இறங்கினேன். ஏழாவது பாகம் வந்தது, ஒன்றும் இல்லை. ஒன்பதாவது பாகத்தில் தரையில் நின்றேன். ஒரு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக வலி கொஞ்சம்கூட இல்லை. மணலில் தடம் தடமாக இருந்தது. ஒவ்வொன்றாகத் தோண்டி எடுத்தேன், நல்ல பெரிய சங்குகள். பையில் இருபதுக்கு மேல் சேர்ந்துவிட்டது. ரப்பர் வாயில் இருக்கிறதா என்று தெரியாததால் அடிக்கடி அழுத்திக் கடித்துக்கொண்டேன். கடிப்பதும் தெரியவில்லை, அதனால் இன்னும் அழுத்திக் கடித்தேன்.

கண்ணாடிக்கு முன்னால் கறுப்பாக ஏதோ புகைந்து போனது. கணவாய் மீன் மை விட்டுவிட்டுப் போகிறது என்று நினைத்துச் சுற்றிப் பார்த்தேன். கணவாயைக் காணவில்லை. அந்தக் கறுப்பு என் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. கடலின் அடியில் ரத்தம் சிவப்பாகத் தெரியாது என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான், ஆனாலும் அது ரத்தம் என்று எனக்கு உறைக்கவில்லை. அடுத்த மூச்சை இழுத்தேன். காற்றோடு தண்ணீரும் வந்தது. ரப்பர் வாயின் ஓரத்தில் பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இருமல் வந்திருக்க வேண்டும், தொண்டையும் மரத்துக் கிடந்ததால் அது தாமதமாகத்தான் வந்தது. வந்தபோது ரப்பர் முழுசாகப் போய்விட்டது. கையை வீசிக் கயிற்றைப் பிடித்து மூன்று இழுப்பு இழுத்தேன். இன்னும் மூன்று இழுத்தேன். பிறகு எண்ணவில்லை.

மேலே இருக்கிறவனுக்கு அந்த நேரத்தில் இரண்டே வழிதான் உண்டு. மெதுவாகத் தூக்கினால் கீழே இருக்கிறவன் மூச்சு முட்டிச் சாவான். வேகமாகத் தூக்கினால் நுரையீரல் வெடித்துச் சாவான். வளன் வேகமாகத் தூக்கினான்.

என்னை வள்ளத்துக்குள் இழுத்துப் போட்டபோது எனக்கு நினைவு இருந்தது. தண்ணீரை வாந்தியெடுத்தேன், காற்றை இழுத்தேன். காற்று நன்றாகவே உள்ளே போனது. நெஞ்சில் வலி இல்லை. ஆனால் என் வாயிலிருந்து ரத்தம் கொட்டி நெஞ்செல்லாம் வழிந்தது. வாயில் ரத்தத்தோடு மேலே வந்தால் என்ன அர்த்தம் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும்.

"வேகமா இழுத்துட்டேனே" என்றான் வளன். "மாதாவே, நான் வேகமா இழுத்துட்டேனே."

யாரோ நங்கூரக் கயிற்றை அறுத்துவிட்டார்கள். வள்ளம் கரையைப் பார்த்துத் திரும்பியது. ஒன்றரை மணி நேர ஓட்டம். என் தலையை வளன் மடியில் வைத்துக்கொண்டு துண்டால் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தான். நான் விரலை வாய்க்குள் விட்டுப் பார்த்தேன். நாக்கின் ஓரம் ஆழமாகக் கிழிந்து தொங்கியது. ரப்பர் என்று நினைத்து நான் நாக்கைக் கடித்திருக்கிறேன். ரத்தம் அங்கேயிருந்துதான் வருகிறது, நுரையீரலுக்கு ஒன்றும் இல்லை, நான் சாகப்போவதில்லை. எல்லாம் எனக்கு அந்த நிமிஷமே விளங்கிவிட்டது.

பேச முடியவில்லை என்பது உண்மை. ஆனால் வாயைத் திறந்து நாக்கைக் காட்டியிருக்கலாம். அதற்கு ஒரு நொடி போதும். காட்டினால் நாக்கை எப்படிக் கடித்தாய் என்று கேட்பான். மருந்து என்பான், பல் என்பான், ஒரு மாதப் பொய்யும் வெளியே வரும், பிரேமாவுக்குத் தெரியும். நான் வாயை மூடிக்கொண்டேன். மூடிக்கொண்டு முகத்தை அவன் வயிற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அவன் அழுதான். பதினாலு வருஷத்தில் அவன் அழுது நான் பார்த்ததில்லை. "அக்காட்ட நான் என்னன்னு போய்ச் சொல்லுவேன்" என்று திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு அழுகையை நிறுத்திவிட்டு, குனிந்து, என் காதில் வாயை வைத்து மனஸ்தாப மந்திரம் சொல்ல ஆரம்பித்தான். சாகப்போகிறவன் தன் பாவங்களுக்காக மனம் வருந்திக் கடவுளிடம் போக வேண்டும் என்பதற்காக எங்கள் ஆட்கள் காதில் சொல்கிற செபம் அது. ஒவ்வொரு வரியாக நிறுத்திச் சொன்னான், நான் மனசுக்குள் திருப்பிச் சொல்ல நேரம் கொடுத்தான். "மனசுக்குள்ளயே சொல்லும் அத்தான், போதும்" என்றான். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து சொன்னான். நான் ஒரு வரியும் திருப்பிச் சொல்லவில்லை. எனக்குள் வெட்கம் இல்லை, பயம் இல்லை, அவன் மேல் இரக்கம்கூட இல்லை. சீக்கிரம் கரை வந்தால் தேவலை என்று மட்டும் இருந்தது.

ஆஸ்பத்திரியில் மாஸ்க் வைத்தார்கள், நெஞ்சைப் படம் எடுத்தார்கள். இளவயசு டாக்டர் ஒருவர் டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்தார். வளன் கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான்.

"லங்ஸ் நல்லா இருக்கு. நாக்கத்தான் கடிச்சிருக்காரு. தையல் போட்டாச் சரியாயிரும்" என்றார் டாக்டர். பிறகு ஒரு குச்சியால் என் உதட்டைத் தொட்டார். "தொடுறது தெரியுதா? வாய் இப்படி மரத்துக் கிடக்கே, என்ன போட்டீங்க?"

நர்ஸ் என் ஈர டிராயரைக் கழற்றும்போது பையிலிருந்து பிதுக்கிய டியூப் விழுந்தது. டாக்டர் அதை எடுத்துப் பெயரை வாசித்தார். வளன் டியூபைப் பார்த்தான், என் வாயைப் பார்த்தான். எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் மந்தன் இல்லை.

"நாக்குதான்னு ஒமக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன்.

"வள்ளத்துலயே தெரியுமா?"

ஆமாம் என்று தலையாட்டினேன். அதற்கு மேல் பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

அவன் கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். அவன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். ஒன்பது பாகக் கயிற்றை இழுத்ததில் இரண்டு கையிலும் தோல் உரிந்து போயிருந்தது. நர்ஸிடம் தண்ணீர் எங்கே என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போனான். தலைமுடி அவிழ ஓடி வந்த பிரேமாவை வாசலில் நிறுத்தி, "நாக்கக் கடிச்சுட்டாரு அக்கா. வேற ஒண்ணுமில்ல, பயப்படாத" என்று அவன் சொல்வது எனக்குக் கேட்டது.

சாயங்காலம் மரப்பு விட்டது. நாக்கு, பல், தொண்டை எல்லாம் ஒன்றாக வலித்தது. அப்போதுதான் வள்ளத்தில் நடந்ததும் எனக்கு வலிக்க ஆரம்பித்தது. நர்ஸ் மாத்திரை கொண்டுவந்தாள், வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். பிரேமா கேட்டாள், நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக் கொடுத்தேன். அவள் வாசித்து முடித்தாள்.

"எனக்குப் பயந்தா சாகப் போனீங்க?" என்றாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அவள் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பத்து நாள் கஞ்சி குடித்தேன். தையல் பிரித்த பிறகு ஜெஸ்மியிடம் போனோம். இந்தத் தடவை பிரேமாவே சொன்னாள், "சங்கு குளிக்கிற ஆளு டாக்டர். ஒம்பது பாகத்துல மட்டும் வலிக்காம்." ஜெஸ்மி பேனாவை மேஜையில் வைத்துவிட்டாள்.

"அண்ணாச்சி, ஒங்கட்ட மூணு தடவ கேட்டேனே!"

கேப்பை அறுத்து எடுத்து, கண்ணாடி வைத்துக் காட்டினாள். ஒரு பக்கம் சிமெண்ட் கரைந்து, கேப்புக்கும் பல்லுக்கும் நடுவில் சின்ன இடைவெளி இருந்தது. அதில் மாட்டிக்கொண்ட காற்றுதான் காரணம் என்றாள். கீழே போகப்போகத் தண்ணீர் அமுக்கும்போது அந்த அமுக்கம் வேரில் போய் வலிக்கும், மேலே வந்தால் விட்டுவிடும். கடலுக்குள் இறங்குகிறவர்களுக்கு ஒட்டுகிற சிமெண்ட் வேறு, அதை முதலிலேயே போட்டிருப்பாளாம். புதுக் கேப் செய்து, அந்தச் சிமெண்ட் வைத்து ஒட்டினாள். மொத்தம் இரண்டு நாள் வேலை. ஒரு மாதம் நான் மறைத்துவைத்த வலிக்கு மருந்து அவள் மேஜை டிராயரிலேயே இருந்திருக்கிறது.

வீட்டுக்கு வந்து பிரேமா ரொம்ப நேரம் யோசித்தாள். "போங்க" என்றாள் கடைசியில். "ஒங்கள நாற்காலியில உக்கார வச்சு நான் பாத்துட்டேன். அது எனக்கும் வேண்டாம். ஆனா வளன் கயிறு பிடிச்சா மட்டும் போங்க. வேற யாரு பிடிச்சாலும் நீங்க எறங்கக் கூடாது." இதில் கஷ்டம் ஒன்றும் இருப்பதாக எனக்குப் படவில்லை. வளன் அந்தப் பத்து நாளும் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளத் துவையல் கொண்டுவந்து கொடுத்தவன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அவன் வீட்டுக்குப் போனேன். வாசலில் உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். கையில் புதுத்தோல் வந்திருந்தது. எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டான், உள்ளே டீக்குச் சொன்னான், நாக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டான். எல்லாம் எப்போதும் போலத்தான் இருந்தது.

"நான் பண்ணுனது தப்புதாம்லே" என்றேன். இதைச் சொல்லத்தான் போயிருந்தேன். "ஒன்ன ஒன்றரை மணி நேரம் சாகடிச்சுட்டேன். மன்னிச்சுக்கோ. பல்லு சரியாயிட்டு. பிரேமாவும் சரின்னுட்டா. நாளைக்கு எறங்குவோம்."

"நான் வரல அத்தான்."

"கோவமா?"

"இல்லயே" என்றான். அவன் முகத்தில் கோபம் இல்லைதான். "கோவம் இருந்தா ஒம்ம நாலு ஏச்சு ஏசிட்டு நாளைக்கே வந்துருவேன். அன்னைக்கு வள்ளத்துல நீரு செத்துட்டீருன்னு நான் அழுது முடிச்சுட்டேன். அக்காட்ட யாரக் கூட்டிட்டுப் போயிச் சொல்லணும், பெட்டி எங்க சொல்லணும், கல்லற எங்க கேக்கணும், எல்லாம் நெனச்சு முடிச்சுட்டேன். ஆஸ்பத்திரியில நீரு சாகமாட்டீருன்னு டாக்டர் சொன்னாருல்லா, அப்ப எனக்குச் சந்தோஷம் வரணும்லா? வரல அத்தான். இன்னைக்கு வரைக்கும் வரல. இந்தா எதுக்க உக்காந்திருக்கீரு, பாக்கேன். எனக்கு ஒண்ணுமே தோணல."

டீ வந்தது. அவன் வாங்கி என் கையில் கொடுத்தான்.

"ஒண்ணும் தோணாதவன் கையில கயித்தக் குடுக்காதீரும்" என்றான்.